புளித்த மாவும் உழைப்பு நேரமும்: வீட்டுப் பாணின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மக்களின் அன்றாட உணவு பற்றிய வரலாறு நமது ஆய்வுலகில் உரிய மதிப்பைப் பெற்றதெனக் கூறமுடியாது. மன்னர்களின் மெய்க்கீர்த்திகளை வரிவரியாக ஆராயும் நாம், அம்மன்னர்களுக்காகப் போர்புரிந்தவர்கள் எதனை உண்டனர், அதனை யார் சமைத்தனர் என்ற வினாக்களை எழுப்புவது அரிது. உணவென்பது சமையற் குறிப்பு என்ற பெயரிலே பத்திரிகைகளின் மகளிர் பக்கத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆயின், உற்பத்தி முறைகளில் நேர்ந்த மாற்றங்களை ஒரு தனிப் பண்டத்தின் வழியே காண விரும்புபவருக்குப் பாணைவிடச் சிறந்த சான்று எளிதிற் கிடைக்காது. அதிலும், தொழிற்சாலை மதுவம் எதுவுஞ் சேர்க்காது, மாவையும் நீரையும் இயல்பாகவே புளிக்கவிட்டுச் சுடப்படும் பாண் இவ்வகையிற் பெரிதும் கருத்திற் கொள்ளத்தக்கது.

இப்பாண் அண்மையில் மீண்டும் வீடுகளுக்குள் நுழைந்துள்ளது. 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய் முடக்கத்தின்போது பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் கடைகளிலே கோதுமை மாவும் மதுவமும் அரிதாகிப்போகும் அளவுக்கு மக்கள் வீட்டிலே பாண் சுடத் தலைப்பட்டனர். நம் நகரங்களின் மத்தியதர வர்க்கத்தாரிடையேயும் இவ்வார்வம் ஓரளவு பரவியுள்ளது. இதனை வெறும் நாகரிக மோகம் என ஒதுக்கிவிடுவாருமுளர். தொலைந்துபோன பொற்காலம் திரும்பிவிட்டதெனப் பூரிப்பாருமுளர். இரு சாராரும் கேளாது விட்ட வினா ஒன்றுண்டு. ஒருகாலத்தில் வீட்டிலே சுடப்பட்ட பாண் ஏன் வீட்டைவிட்டு வெளியேறிற்று? இப்பொழுது அது திரும்பி வருகையில் யாருடைய வீட்டிற்கு வருகிறது?

விடை காணுமுன் பொருளை அறிதல் வேண்டும். தாமே பாண் சுட்டறியாத வாசகரை மனத்திற்கொண்டு, அதன் செய்முறையைச் சற்று விரிவாகவே கூறுகிறோம்.

கோதுமை மாவும் நீரும் சம எடையாக, 50 கிராம் வீதம், ஒரு கண்ணாடிப் போத்தலிலே கலந்து, மூடியைத் தளர்வாக வைத்துவிடின், மாவில் இயல்பாகவே உள்ள மதுவங்களும் பற்றீரியாக்களும் பெருகத் தொடங்கும். நாள்தோறும் கலவையிற் பாதியை எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்குப் புதிய மாவும் நீரும் இடவேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் அது குமிழிவிட்டுப் பொங்குவதைக் கண்டு மகிழும் புதியவர், நாலாம் ஐந்தாம் நாளில் அடங்கிக் கிடப்பதைக் கண்டு, பழுதாகிவிட்டதென வெளியே கொட்டிவிடுகிறார். உண்மையில் முதலிற் பொங்கச் செய்தவை வேறு பற்றீரியாக்கள். புளிப்பு மிகமிக அவை ஒடுங்கிவிட, புளிப்பைத் தாங்கவல்ல இலற்றிக் அமிலப் பற்றீரியாக்களும் காட்டு மதுவங்களும் அவ்விடத்தைப் பெறுகின்றன. ஒரு வாரம், சிலவேளை பத்து நாட்கள் சென்றபின், மா இட்ட சில மணி நேரத்துள் கலவை இருமடங்காகப் பொங்கும். அப்பொழுதே அது பாணுக்கு உரியதாகும். வெள்ளை மாவிலும் பார்க்கத் தவிட்டோடு அரைத்த மாவில் இவ்வுயிர்கள் மிகுதியாதலால், தொடக்கத்தில் ஒரு கரண்டி ஆட்டா மாவோ குரக்கன் மாவோ சேர்ப்பது நன்று.

ஒரு பாணுக்கு 500 கிராம் மா, 350 கிராம் நீர், 100 கிராம் புளித்த மா, 10 கிராம் உப்பு என்பன போதும். இவற்றைக் குழைத்து, அரை மணிக்கொருமுறை நாற்புறமும் இழுத்து மடித்துப் பொங்கவிட வேண்டும். ஐரோப்பியச் சமையல் நூல்கள் 24 பாகை செல்சியசில் ஐந்தாறு மணி நேரம் என்று கூறும். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ 30 பாகை வெப்பத்தில் மூன்று, நான்கு மணி நேரத்திலேயே மா பதமடைந்துவிடும். நூலை நம்பி மணிக்கூட்டைப் பார்த்திருப்பவர் ஈற்றிற் கூழையே காண்பார். மாவைத்தான் பார்க்கவேண்டும். முன்னிருந்த அளவிலும் அரைப்பங்கு கூடுதலாகப் பொங்கி, பாத்திரத்தை அசைக்கையில் அது தளதளக்குமாயின், உருட்டி வடிவமைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரவு வைத்துவிடலாம். மறுநாட் காலை, 230 பாகைக்குச் சூடேறிய போறணையினுள், கனத்த இரும்புச் சட்டியிலே இருபது நிமிடம் மூடியும் மேலும் இருபது நிமிடம் திறந்தும் சுடவேண்டும். முதலாவது பாண் தட்டையாக வந்தாற் சோர்வடைய வேண்டியதில்லை. பெரும்பாலும் புளித்த மா இன்னும் வலுக்கொள்ளவில்லை என்பதே அதன் பொருள்.

இச்செய்முறையில் நமது ஆய்வுக்கு வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தொடக்கம் முதல் முடிவுவரை ஏறத்தாழ இருபது மணி நேரம் செல்கின்றது. அதில் மனிதக் கை உழைப்பது ஒரு மணி நேரமுமில்லை. எஞ்சிய நேரம் முழுவதும் நுண்ணுயிர்களே தொழிற்படுகின்றன. காபனீரொட்சைட்டு மாவை உப்பச் செய்கின்றது, அமிலங்கள் சுவையையும் கெடாத்தன்மையையும் தருகின்றன. கார்ல் மார்க்ஸ் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகளிலிருந்து 1885இல் ஏங்கெல்ஸ் பதிப்பித்த 'மூலதனம்' இரண்டாம் பாகத்திலே, உற்பத்திக் காலம், உழைப்புக் காலம் என இரண்டு வேறுபடுத்தப்படுகின்றன. திராட்சை இரசம் நொதிப்பது போன்று, உழைப்பு ஓய்ந்தபின்னரும் இயற்கைத் தொழிற்பாட்டுக்காகப் பொருள் காத்துக்கிடக்கும் நேரம் உற்பத்திக் காலமேயாயினும் உழைப்புக் காலமன்று. அந்நேரத்தில் மிகைப் பெறுமதி தோன்றுவதில்லை. போட்ட முதல் சும்மா கிடக்கின்றது. ஆகவே இக்காத்திருப்பைக் குறுக்குவது முதலின் இடையறாத நாட்டமாகும். பாணின் பிற்கால வரலாற்றை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு பெரிதும் துணைபுரிகின்றது.

பாணின் தொன்மை வேளாண்மையின் தொன்மையையும் கடந்தது. ஜோர்தானின் வடகிழக்கிலுள்ள சுபைக்கா என்ற இடத்திலே, ஏறத்தாழ 14,400 ஆண்டுகளுக்கு முன்னர், பயிரிட அறியாத வேட்டை மக்கள் சுட்ட தட்டை அப்பத்தின் கருகிய துணுக்குகள் கிடைத்துள்ளமை 2018இல் அறிவிக்கப்பட்டது. அது புளியாத அப்பம். புளித்த மாவின் பாண் பண்டை எகிப்திலே பெருவழக்காயிருந்தது. அங்கு பாணும் பியரும் ஒரே நொதித்தலின் இரு பயன்கள்; அவையே கூலியுமாயின. அரச கல்லறைகளை அமைத்த தொழிலாளர்க்குப் பாணுக்குரிய கோதுமையும் பியருக்குரிய வாற்கோதுமையும் படியாக அளக்கப்பட்டன. மூன்றாம் இராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இப்படி உரிய காலத்தில் வராமையால் அவர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினர். எழுத்துச் சான்றுள்ள முதலாவது வேலைநிறுத்தம் இதுவெனக் கருதப்படுகின்றது. மனிதகுலத்தின் முதலறிந்த தொழிற்போராட்டம் பாணின் பொருட்டு எழுந்தது என்பதை நம்மவர் நினைவிற்கொள்ளலாம்.

உரோமின் செய்தி இன்னும் தெளிவானது. கி.மு. 171இல் தொடங்கிய பேர்சியஸ் மன்னனுடனான போர்க்காலம் வரையில் உரோமிலே பாண் சுடுவோர் என்ற தொழிலாளர் இருந்ததில்லை எனவும், அதுவரை பெண்களே வீட்டிற் பாண் சுட்டனர் எனவும் பிளினி எழுதிவைத்தார். முதல் நாள் மாவில் ஒரு பகுதியை எடுத்துவைத்து அடுத்த நாளைய மாவைப் புளிக்கச் செய்வதும், கோலியரும் இபேரியரும் பியரின் நுரையைக் கொண்டு மாவைப் பொங்கச் செய்து மென்மையான பாண் பெற்றமையும் அவர் தரும் செய்திகளே. உரோமப் பேரரசு விரிந்து அடிமைகள் வந்து குவிந்தபோது வீட்டுப் பாண் பட்டறைக்குச் சென்றது. உரோமின் போர்ட்டா மஜியோரே வாயிலருகே யூரிசேசிஸ் என்னும் பேக்கரி முதலாளியின் கல்லறை இன்றும் நிற்கின்றது. தானியம் அரைப்பது முதற் பாண் நிறுப்பதுவரை அதிலே சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. முதலாளியின் பெருமிதம் அது. தொழிலாளியின் நிலையை அறியப் பொம்பெயிக்குச் செல்லவேண்டும். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய அந்நகரில், சிறிய சாளரங்களுக்கு இரும்புக் கம்பி போட்ட, வெளியுலகுக்கு வாயிலற்ற ஒரு பேக்கரி அகழ்ந்து காணப்பட்டமை 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அடிமைகளும் கண்கட்டப்பட்ட கழுதைகளும் ஒன்றாக அடைக்கப்பட்டு அங்கே திரிகை சுற்றினர்.

நிலமானிய ஐரோப்பாவிலே சுரண்டல் வேறொரு வடிவெடுத்தது. புளித்த மாவை எவரும் தனியுடைமை ஆக்கமுடியாது. ஒரு பிடி மாவும் ஒரு குவளை நீரும் உள்ள எந்தக் குடிசையிலும் அது தோன்றும். ஆனாற் போறணை அத்தகையதன்று. பிரான்சிலே பிரபுவின் போறணையிலேயே குடியானவர் பாண் சுடவேண்டும், அதற்கு வரியும் செலுத்தவேண்டும் என்ற கட்டாயம் பல பகுதிகளில் நிலவியது. வீட்டில் மனைவி குழைத்துப் புளிக்கவைத்த மாவைச் சுமந்துகொண்டு பிரபுவின் போறணை வாயிலிற் காத்துநின்ற குடியானவனை நாம் மனக்கண்ணிற் காணலாம். பிரெஞ்சுப் புரட்சி இக்கட்டாயத்தை ஒழித்தது. 1789 ஒக்ரோபரில் பாரிசின் பெண்கள் வெர்சாய் அரண்மனைக்கு நடந்ததும் பாண் கேட்டே என்பது அனைவரும் அறிந்தது.

இங்கிலாந்திற்கு வருவோம். வீட்டுப் பாண் அழிந்த வரலாற்றை அங்கேதான் தெளிவாகக் காணமுடிகின்றது. 1821, 1822ஆம் ஆண்டுகளில் வில்லியம் கொபெற் குடிசைப் பொருளாதாரம் பற்றி எழுதிய நூலில், உழவுத் தொழிலாளியின் மனைவி பாண் சுடாது கடையில் வாங்குவதைக் கடிந்துகொண்டார். பெண்ணின் சோம்பலிற் காரணம் தேடுவது அக்காலத்துச் சீர்திருத்தவாதிகள் பலரின் இயல்பு. கொபெற் மக்கள் பக்கம் நின்றவராயினும் இவ்விடத்தில் அவரும் அதற்கு விலக்கல்லர். உண்மைக் காரணம் அடுப்பிற்கு வெளியே இருந்தது. பொதுநிலங்கள் வேலியிட்டு அடைக்கப்பட்டபோது அங்கு பொறுக்கிய சுள்ளியும் புதரும் ஏழைக்கு இல்லாதுபோயின. விறகை விலைக்கு வாங்கி ஒரு வீட்டுக்காகப் போறணை மூட்டுவது கடைப் பாணிலும் செலவு மிக்கதாயிற்று. நகரத்துக் குடியிருப்பில் போறணையே இல்லை. ஆலைக்குச் சென்ற பெண்ணுக்கு மா பொங்கும்வரை காத்திருக்க நேரமுமில்லை. விறகும் நேரமும் பறிபோயின. பின்னர் பாண் சுடும் அறிவும் மங்கிற்று.

கடைப் பாணோ படிக்காரம் கலந்த பாணாயிருந்தது. 1850களின் தொடக்கத்தில் மருத்துவர் ஆதர் ஹில் ஹாசல் இலண்டன் உணவுகளை நுண்காட்டியின் கீழ் ஆராய்ந்து இக்கலப்படத்தை அம்பலப்படுத்தினார். 1857இல் எலைசா அக்ரன் என்ற பெண்மணி வீட்டில் பாண் சுடுவதற்கென்றே ஒரு நூலை வெளியிட்டார். தொடக்கநிலையாளருக்கான பாண் நூல்கள் இன்று நூற்றுக்கணக்கில் வருகின்றன. அவற்றின் முன்னோடிகளில் ஒன்றான இந்நூல் நஞ்சூட்டப்பட்ட சந்தைக்கு எதிர்வினையாகப் பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. எனினும் அதனை வாங்கிப் படித்துப் போறணை மூட்டக்கூடியவர் யார் என்பதும் நாம் ஊகிக்கக்கூடியதே.

இலண்டன் பாண் தொழிலாளரின் நிலை பற்றி அரசாங்க ஆணையாளர் றெமன்ஹியர் 1862இல் அறிக்கையிட்டார். 'மூலதனம்' முதலாம் பாகத்தின் வேலைநாள் பற்றிய இயலிலே மார்க்ஸ் அதனை விரிவாகப் பயன்படுத்துகிறார். இரவு பதினொரு மணியளவில் தொழிலாளி வேலை தொடங்குவான். அரை மணி, முக்கால் மணி நேரம் மாவைக் குழைத்தபின், அம்மாத்தொட்டியின் மூடிப்பலகை மீதே ஒரு சாக்கை விரித்து, மற்றொன்றைத் தலைக்குச் சுருட்டி வைத்து, ஓரிரு மணி நேரம் உறங்குவான். பின்னர் ஐந்து மணி நேரம் ஓயாத வேலை. அதன் பின்னும் பலருக்கு வீடுவீடாகப் பாண் கொண்டுசெல்லும் வேலை. பலமுறை மேற்கோள் காட்டப்பட்ட பகுதி இது. ஆயினும் அந்த ஓரிரு மணி நேர உறக்கம் எதனால் வாய்த்தது என்பதைச் சிந்தித்தவர் சிலரே. மா பொங்குவதற்கு வேண்டிய நேரமே தொழிலாளியின் உறக்க நேரம். அவனுக்குக் கீழே மா புளித்துக்கொண்டிருக்க, அதன் மேலே அவன் கிடந்தான். மதுவம் விரைவாகத் தொழிற்பட்டால் அவனது உறக்கம் குறையும். இயற்கை விதித்த காத்திருப்பைத் தன்னால் ஒழிக்கமுடியாத கட்டத்தில், முதல் அதனைத் தொழிலாளியின் இரவுக்குள் தள்ளிவிட்டது. விடியலில் நுகர்வோனுக்குச் சூடான பாண் கிடைத்தது.

மக்சிம் கார்க்கி இளமையிலே கசான் நகரப் பேக்கரியில் வேலை செய்தவர். 1899இல் வெளியான அவரது 'இருபத்தாறு ஆண்களும் ஒரு பெண்ணும்' சிறுகதையின் நிலவறைப் பட்டறையை அழகியலாக மட்டும் நோக்கும் விமர்சகர், இலண்டன் அறிக்கையை அதனருகே வைத்துப் படிப்பது பயனுடைத்து.

தொழிலாளர் இதனை எதிர்த்துப் போராடினர். 1863ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம் 18 வயதிற்குட்பட்டோர் இரவு ஒன்பது மணி முதல் காலை ஐந்து மணிவரை பேக்கரியில் வேலை செய்வதைத் தடுத்தது. நியூயோர்க் மாநிலம் பேக்கரித் தொழிலாளிக்கு நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் என வகுத்த சட்டத்தை, ஒப்பந்தச் சுதந்திரத்தின் பெயரால், 1905இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. 1925இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் பேக்கரி இரவு வேலைக்கெதிரான சமவாயத்தை ஏற்றுக்கொண்டது.

இதே காலத்தில் விஞ்ஞானம் காத்திருப்பைக் குறுக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தது. நொதித்தல் உயிர்களின் தொழிற்பாடு என்பதைப் பாஸ்ரர் 1857 முதலாக நிறுவிவந்தார். 1868இல் பிளைஷ்மான் சகோதரர் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் அழுத்திய மதுவத்தைத் தொழிற்சாலைப் பண்டமாக்கினர். 1876இல் பிலடெல்பியாப் பொருட்காட்சியிலே அதனாற் சுட்ட பாணை மக்களுக்குக் காட்டிச் சந்தை கண்டனர். அடுத்த பெரும் மாற்றம் 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவூட் ஆய்வுநிலையத்தில் நிகழ்ந்தது. மாவை அதிவேகப் பொறியிற் சில நிமிடம் வன்மையாகக் கடைந்து, மதுவத்தை மிகுத்து, கொழுப்பும் அஸ்கோபிக் அமிலமும் சேர்த்தால் நீண்ட நொதித்தலே வேண்டியதில்லை. மா உள்ளே சென்று, துண்டாக வெட்டிப் பொதிசெய்த பாணாக நான்கு மணி நேரத்துள் வெளியேறும். பிரித்தானியப் பாணில் ஏறத்தாழ 80 வீதம் இம்முறையாலேயே உற்பத்தியாகலாயிற்று. விலை குறைந்தது, தொழிலாளியின் உடல் வருத்தமும் குறைந்தது. இவ்விரண்டையும் மறுத்துப் பழைமையைப் பாடுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் மிச்சமான மணி நேரம் தொழிலாளிக்குச் செல்லவில்லை என்பதையும் கூறியாகவேண்டும். காத்திருப்பைத் தொழிற்சாலை ஒழித்துப் பத்தாண்டு கழிந்தபின், 1971இல், சான் பிரான்சிஸ்கோவின் புளித்த மாவிலுள்ள பற்றீரியாவை அமெரிக்க ஆய்வாளர் இனங்கண்டனர் என்பது வரலாற்றின் முரண்களில் ஒன்று.

2020ஆம் ஆண்டினை இப்பின்னணியிலேயே நோக்கவேண்டும். வீட்டிலிருந்தவாறே சம்பளம் பெற்றவர்க்கு, மாவோடு காத்திருக்கும் நேரம் திடீரெனக் கிடைத்தது. முன்னரும் ஒருமுறை இவ்வாறு நேர்ந்ததுண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் 1861 முதல் 1865 வரை பருத்தி வரத்துக் குன்றி லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டபோது, ஆலைப் பெண்களுக்குச் சமைக்கக் கற்க நேரம் கிடைத்ததாக ஒரு மருத்துவர் அறிவித்தார். சமைக்க எதுவுமில்லாத வேளையிலே அக்கலையைக் கற்கும் வாய்ப்பு வந்ததென மார்க்ஸ் ஓர் அடிக்குறிப்பிற் கசப்போடு குறிப்பிடுகிறார்.

நம் நாட்டின் வரலாறு இதற்கு மறுதலையானது. இங்கு பாண் ஒருகாலத்தும் வீட்டுப் பண்டமாயிருந்ததில்லை. பாண் என்ற சொல்லும் போறணை என்ற சொல்லும் போர்த்துக்கேயத்திலிருந்து வந்தவை. பொருளும் கடையின் வழியே வந்தது. கோதுமை இங்கு விளைவதில்லை. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட, அரிசி வரத்து நின்று, கோதுமை மா பங்கீட்டு உணவாயிற்று. யாழ்ப்பாணத்தில் அதற்கு 'அமெரிக்கன் மா' என்ற பெயர் நிலைத்தமை அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும். 1973, 1974ஆம் ஆண்டுகளில் ஓர் இறாத்தல் பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்றோர் இன்றும் நம்மிடையே உளர். 1980இல் திருகோணமலையில் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கியது. 2022இல் எரிவாயுவும் மாவுமின்றிப் பேக்கரிகள் பல மூடப்பட்டன. மலையகத் தோட்டங்களில் அதே கோதுமை மா றொட்டியாயிற்று. விடியற்காலைப் பிரட்டுக்குச் செல்லவேண்டிய பெண்ணுக்குப் புளிக்கும்வரை காத்திருக்கும் உணவு பொருந்தாது, றொட்டி புளிக்கவேண்டியதில்லை.

எனினும் புளித்த மா நமக்குப் புதிதன்று. தோசையும் அப்பமும் அதுவே. விவிலியத்தைத் தமிழாக்கியோர் பாணை 'அப்பம்' என வழங்கியதும், 'புளித்த மா' என்ற தொடரை எளிதாகக் கண்டுகொண்டதும் இதனாற்போலும். அப்பத்துக்குக் கள்ளே நொதி. இலங்கையிலும் இந்தியாவிலும் பழைய பேக்கரிகள் பாணுக்கும் கள்ளையே பயன்படுத்தின. அரிசியை ஊறவைத்து, இடித்து, கள் விட்டுக் குழைத்து, இரவெல்லாம் பொங்கவிட்டு, விடியுமுன் எழுந்து சுட்டவள் வீட்டுப் பெண். ஐரோப்பாவில் ஒரு நூற்றாண்டாகக் குறுக்கப்பட்ட இக்காத்திருப்பு நம் அடுக்களையிற் குறுக்கப்படவில்லை. அதில் எவருடைய முதலும் முடங்கிக்கிடக்கவில்லை. பெண்ணின் மணி நேரத்துக்கு விலையுமில்லை. அப்பம் விற்பனைப் பண்டமாகித் தெருவோரக் கடைக்கு வந்தபோதுதான் கள்ளின் இடத்திற்கு மதுவமும் சோடாவும் வந்தன. அச்சோடாவுக்கு நம்மவர் இட்ட பெயர் அப்பச்சோடா.